டாக்டரம்மாவின் பிரம்பு நாற்காலி

கீழே கண்ணாடிக் கடை, நடுவில் பல் ஆஸ்பத்திரி, மேலே வீடு. கணவர் கண்ணைப் பார்ப்பார், மனைவி பல்லைப் பார்ப்பார். கழுத்துக்கு மேலே எந்தக் கோளாறு வந்தாலும் இந்த ஒரு கட்டடத்திலேயே முடித்துக்கொள்ளலாம் என்று தெருவில் கேலி பேசுவார்கள். "காதுக்கு மட்டும் ஆள் இல்லையே?" என்று யாராவது வாயைப் பிடுங்கினால் கண்ணாடிக்காரர் நெஞ்சை நிமிர்த்துவார்.

"ஏன், நான் இல்லையா?"

காதைப் பற்றி அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சம் அல்ல. மகளுக்கு வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதும், அவள் அறையைப் பாட்டுக் கேட்கும் அறையாக மாற்றிவிட்டார். பாவம், அந்தப் பெண் லீவுக்கு வந்தபோது தன் கட்டில் எங்கே என்று தேடினாள். சுவரெல்லாம் கனத்த திரை, தரையில் தடித்த கம்பளம், மூலைகளில் பஞ்சு அடைத்த பலகை. நடுவில் முதுகு உயர்ந்த தோல் நாற்காலி ஒன்று. இரண்டு ஸ்பீக்கருக்கும் மயிரிழை பிசகாத சம தூரத்தில், அளவு நாடா பிடித்துப் போட்டது. டாக்டரம்மா அதற்குச் சிம்மாசனம் என்று பெயர் வைத்திருந்தார்.

ராணிக்கும் ஓர் இடம் உண்டு. வலது ஸ்பீக்கருக்கு எதிரே, சற்றுத் தள்ளி, ஒரு பிரம்பு நாற்காலி. அதையும் கண்ணாடிக்காரர்தான் யோசித்து யோசித்துப் போட்டார். அங்கே ஆள் உட்கார்ந்தால் சிம்மாசனத்துக்கு வரும் சத்தம் எதிலும் இடிக்காது. சத்தத்துக்கு இடைஞ்சல் இல்லாத இடம் என்று அவருக்கு அதில் ரொம்பத் திருப்தி.

அவருக்கு இருந்த ஆசை ஒன்றுதான். சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்து, மனைவியும் பக்கத்தில் இருக்க, ஒரு ரெக்கார்டின் ஒரு பக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை சேர்ந்து கேட்கவேண்டும். பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் அதுதான் நடக்கவே மாட்டேன் என்றது. கூப்பிட்டால் டாக்டரம்மா வருவார், பிரம்பு நாற்காலியில் உட்காருவார். இரண்டாவது பாட்டு பாதி தாண்டுவதற்குள் கை மெல்லக் காதோரம் போகும். அப்புறம், "டீ போட்டுட்டு வரேன்." டீ வரும். ஆள் திரும்ப வரமாட்டார்.

"உனக்கு என்னதான் பிரச்சினை?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

"ஊசியால குத்தற மாதிரி இருக்குங்க. அந்தப் பாடற பொண்ணு 'ச'ன்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் காதுக்குள்ள ஒரு குத்து."

"ஊசியா? வெண்ணெய் மாதிரி இருக்கு!"

"உங்களுக்கு வெண்ணெய். எனக்கு ஊசி."

கண்ணாடிக்காரர் அன்றைக்கே ஒரு தத்துவம் கண்டுபிடித்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். பகல் முழுக்க டிரில் சத்தத்திலேயே இருக்கிறவளுக்குச் சாயங்காலம் காது எப்படி வேலை செய்யும்? சன்னமான சத்தம் எது கேட்டாலும் அவளுக்கு டிரில்தான். சொல்லும்போது பரிதாபப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொள்வார். டாக்டரம்மா காதில் இது விழாமல் இருக்குமா? விழுந்தது. "ஆமாம், உங்களுக்கு மட்டும் தங்கக் காது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இதில் மூக்கை நுழைத்தவர் டாக்டரம்மாவின் தம்பி. உயர்ந்த ரக ஸ்பீக்கர் விற்பதுதான் அவர் தொழில். அந்த அறையில் இருந்த ஜோடியே அவர் கடையிலிருந்து, "கொஞ்ச நாள் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று அக்கா வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு வந்தது. மாதங்கள் ஆகியும் அந்தக் கொஞ்ச நாள் முடியவில்லை.

"மாமா, தப்பு அக்கா காதுல இல்ல, ட்வீட்டர்ல" என்றார் தம்பி. ஸ்பீக்கர் பெட்டியின் உச்சியில் இருக்கும் சின்ன வட்டத்தைத் தொடாமல் விரலால் காட்டினார். "மேல் சத்தமெல்லாம் இதோட வேலை. டிரம்ஸோட சிம்பல் தட்டு, வயலினோட உச்சி, பாடறவங்க 'ச', 'ஸ' எல்லாம் இது வழியாத்தான் வரும். இதுல இருக்கறது மெல்லிசான உலோகம். பளபளன்னு, துல்லியமா இருக்கும். சிலருக்கு அமிர்தம், சிலருக்குத் தலைவலி. பட்டுத் துணியில செஞ்ச ட்வீட்டர் ஒண்ணு இருக்கு. அது சாது. கொண்டாரேன், அக்கா கேக்கட்டும்."

கொண்டுவந்தார். வெள்ளி நிறத்தில் மின்னிய பழைய ஜோடிக்கு 'வெள்ளி' என்றும் புதிதாக வந்ததற்குப் 'பட்டு' என்றும் வீட்டில் பெயர் ஆகிவிட்டது. பட்டைப் போட்ட அன்றைக்கு டாக்டரம்மா மூன்று பாட்டுவரை எழுந்திருக்கவில்லை. "பரவாயில்லையே" என்றுகூடச் சொன்னார். கண்ணாடிக்காரருக்குத்தான் சப்பென்று இருந்தது. பாடகி கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுத்த அறையிலிருந்து பாடுவதுபோலத் தோன்றியது.

ஆனாலும் மனைவி மூன்று பாட்டு உட்கார்ந்திருக்கிறாளே! அவர் மனம் அங்கேயும் இங்கேயும் ஆடியது. வெள்ளியை விட மனசில்லை. ஆனால் வெள்ளி இருந்தால் அவள் இருக்கமாட்டாள். பட்டு இருந்தால் அவள் இருப்பாள், பாட்டு இருக்காது.

"ஞாயித்துக்கிழமை ஒரு ஜோடியை எடுத்துட்டுப் போயிடுவேன், வேற ஒருத்தர் கேட்டிருக்கார்" என்று கெடு வைத்தார் தம்பி. "எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. கண்ணால பார்த்து முடிவு பண்ணாதீங்க. நடுவுல போர்வையைக் கட்டிடுவோம். எது பாடுதுன்னு தெரியாம கேட்டுட்டுச் சொல்லுங்க."

கண்ணாடிக்காரருக்கு அந்த யோசனை பிடித்துப்போனது. ஏனென்றால் அது அவருடைய தொழில். நாள் முழுக்க ஒவ்வொருவர் கண் முன்னாலும் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்கிறவர். இரண்டாவதாகப் போட்டதுதான் நல்லது என்று ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதை எத்தனை தடவை பார்த்திருக்கிறார்! அதற்காகவே நடுவில் ஒருமுறை லென்ஸை எடுத்து, அதே லென்ஸையே திரும்பப் போடுவார். "ஆஹா, இது பிரமாதம்" என்பார்கள். சிரிப்பை அடக்கிக்கொள்வார்.

ஆகவே மைத்துனரை ஓரமாக இழுத்து, "மாப்ளே, நடுவுல எங்கயாவது ஒருதரம் மாத்தாமலே மாத்தின மாதிரி நடி. எப்பன்னு என்கிட்டயும் சொல்லாத" என்று காதைக் கடித்தார். மனைவியின் காது எவ்வளவுதான் என்று பார்த்துவிடலாம் என்ற அற்ப ஆசை.

ஞாயிறு காலை, போர்வை ஏறியது. இரண்டு ஜோடிக்கும் சத்தத்தின் அளவு ஒன்றாக இருக்கவேண்டும் என்று தம்பி ஒரு சின்னக் கருவியை வைத்துக்கொண்டு வெகுநேரம் திருகினார். கொஞ்சம் சத்தமாகப் பாடுகிறதுதான் நல்லது என்று காது ஏமாந்துவிடுமாம். இருவரும் ஒரே இடத்திலிருந்து கேட்டால்தான் நியாயம் என்று, சிம்மாசனத்தைச் சுவரோரம் தள்ளி, ஹாலில் இருந்த நீள பெஞ்சைத் தூக்கி வந்து அந்த இடத்தில் போட்டார்கள். கணவனும் மனைவியும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் உட்காரவைத்ததுபோல இருந்தது. டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

முதலில் ஒன்று பாடியது. போர்வைக்குப் பின்னால் உருட்டும் ஓசை. பிறகு இன்னொன்று பாடியது. கண்ணாடிக்காரர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மறுபடி உருட்டல். மறுபடி பாட்டு.

"ம்ம்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "இது அதைவிட ஒரு படி மேல. இதுல ஒரு இனிமை இருக்கு. அதுல அது இல்ல."

"மாத்தவே இல்லையே?" என்றார் டாக்டரம்மா. "டேய் தம்பி, சும்மா உருட்டிட்டு அதையேதானே போட்டே?"

போர்வைக்குப் பின்னாலிருந்து குபீரென்று சிரிப்பு. கண்ணாடிக்காரர் அசடு வழிந்தார். தான் வெட்டிய குழியில் தானே விழுந்ததை வெளியே சொல்லவும் முடியவில்லை.

"எப்படிக்கா கண்டுபிடிச்சே?"

"டிரில் முனை தேஞ்சிடுச்சுன்னா எனக்குச் சத்தத்துலயே தெரியும்டா. தெரியலன்னா நோயாளி கத்துவாரு. சரி, எனக்குப் பிடிச்சது முதல்ல போட்டது. அந்தப் பொண்ணு பாடறதுக்கு முன்னாடி மூச்சு வாங்குது பாரு, அது அதுலதான் கேட்டுது. கிட்ட உட்கார்ந்து பாடற மாதிரி. அதையே வச்சுக்கலாம்."

கண்ணாடிக்காரருக்கும் முதலில் போட்டதுதான். போர்வை இறங்கியது. முதலில் பாடியது வெள்ளி.

தம்பி தலையில் அடித்துக்கொண்டார். "அக்கா! ஊசி ஊசின்னு நீ சொன்னது இதைத்தான்!"

"இதுவா?" டாக்டரம்மா பேந்தப் பேந்த விழித்தார். "இருக்காதே."

இருந்தது. தம்பிக்கு அதற்கு மேல் ஆராய நேரமில்லை. பட்டு ஜோடியைப் பெட்டியில் வைத்து, வண்டியில் ஏற்றி, "ரெண்டு பேருக்கும் பிடிச்சதே அமைஞ்சிடுச்சு, சண்டை போடாம கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். கண்ணாடிக்காரர் ஆசைப்பட்ட ஸ்பீக்கர் அவருக்கே கிடைத்துவிட்டது. சந்தோஷத்தில் குதித்திருக்கவேண்டும். ஆனால் மனிதருக்கு முகம் சுண்டிப்போயிருந்தது.

சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவர் மனசுக்குள் ஒரே கணக்கு ஓடியது. அவள் காதில் கோளாறு இல்லை. என் காதைவிட நல்ல காது. வெள்ளியும் அவளுக்குப் பிடித்திருக்கிறது. அப்படியானால் தினமும் இரண்டாவது பாட்டில் எழுந்துபோனது எதனால்? ஸ்பீக்கரைக் கழித்துவிட்டால் அந்த அறையில் மிச்சம் இருந்தது யார்?

"என்ன, உம்முன்னு இருக்கீங்க?" என்றார் டாக்டரம்மா.

"ஒண்ணுமில்ல. சத்தம் பிரச்சினை இல்லன்னு ஆயிடுச்சு. அப்ப என்கூட உட்காரத்தான் பிடிக்கல போல."

வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தார். குரல் ஒத்துழைக்கவில்லை.

"என்ன பேச்சு இது?" டாக்டரம்மா கையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டார். மேலே ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் போன் அடித்தது. யாரோ எதையோ கடித்துப் பல்லை உடைத்துக்கொண்டு கீழே வாசலில் நிற்கிறார்களாம். "வந்து பேசிக்கறேன், இருங்க" என்று கை கழுவிக்கொண்டு இறங்கிப் போனார்.

கண்ணாடிக்காரர் தனியாக அந்த அறைக்கு வந்தார். மனசு சரியில்லாதபோது எதையாவது ஒழுங்குபடுத்துவது அவர் வழக்கம். வெள்ளி ஜோடியை அதன் பழைய இடத்தில் நிறுத்தினார். பெஞ்சைக் கதவோரம் இழுத்துவிட்டார். சிம்மாசனத்தை நடுவுக்குத் தள்ளினார். அதன் மேல் போர்வை, கயிறு, மைத்துனர் மறந்துவிட்டுப் போன ஒயர் சுருள்கள் எல்லாம் குவிந்துகிடந்தன. அதை எடுத்து மடிக்கவும் அலுப்பாக இருந்தது. ரெக்கார்டைச் சுழலவிட்டு, பக்கத்தில் இருந்ததில் பொத்தென்று உட்கார்ந்தார்.

பிரம்பு நாற்காலி. கம்பளத்தில் நாலு கால் குழியும் பதிந்து, அசையாமல் அங்கேயே இருந்தது. அவர் அதில் உட்கார்வது அதுதான் முதல் தடவை.

பாடகி வாயைத் திறந்தாள். கண்ணாடிக்காரர் துள்ளிக் குதிக்காத குறை.

ஒவ்வொரு 'ச'வும் வலது காதில் நறுக்கென்று இறங்கியது. சிம்பல் தட்டப்பட்டபோது பல் கூசியது. ரெக்கார்டில் ஏதோ கீறல் என்று நினைத்து எழுந்து நடுவுக்கு வந்தார். வெண்ணெய். திரும்ப நாற்காலிக்குப் போனார். ஊசி. நடுவே, வெண்ணெய். நாற்காலி, ஊசி. இப்படி நாலைந்து தடவை அந்தச் சின்ன அறையில் நடைபோட்டார். யாராவது பார்த்திருந்தால் மனிதருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு குனிந்து, ஸ்பீக்கரின் முகம் பார்க்கிற திசையைப் பார்த்தார். வலது ஸ்பீக்கர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் உச்சியில் இருந்த வெள்ளி வட்டம் பிரம்பு நாற்காலியைக் குறிவைத்து நின்றது. கீழ் சத்தம் அறை முழுக்கப் பரவும். மேல் சத்தம் அப்படி இல்லை, முகம் பார்த்த பக்கமே முழு வேகத்தோடு பாயும். பக்கவாட்டில் போகப் போகத்தான் மிருதுவாகும். இது அவருக்குத் தெரியாத விஷயமா? தெரியும். தெரிந்துதானே செய்தார்!

வெள்ளி வீட்டுக்கு வந்த முதல் நாள் ஞாபகம் வந்தது. அன்று இரண்டு ஸ்பீக்கரையும் சிம்மாசனத்தை நோக்கித் திருப்பித்தான் வைத்திருந்தார். கேட்டதும் அவருக்கே கூர்மை தாங்கவில்லை. காதைத் தேய்த்துக்கொண்டு எழுந்துபோய், இரண்டையும் தன் பக்கமிருந்து விலக்கி நேராகத் திருப்பிவிட்டார். உட்கார்ந்து கேட்டார். மிருதுவாகிவிட்டது. உச்சி குளிர்ந்துபோய், "என்னா சவுண்டு!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தன் காதிலிருந்து எடுத்த ஊசி அறையில் வேறு எங்கே போய்க் குத்துகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

கண்ணாடிக்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கண்ணாடி போட்டதும் தலைவலிக்கிறது என்று யாராவது வந்தால் அவர் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். லென்ஸின் மையமும் கண்ணின் மையமும் நேராக இருக்கிறதா? "பவர் எல்லாம் சரிதான், ஆனா மையம் விலகியிருக்கு, எந்தப் புண்ணியவான் செஞ்சது இது?" என்று அடுத்த கடைக்காரரைத் திட்டித் தீர்ப்பார். ஊரில் உள்ளவர் கண்ணுக்கெல்லாம் மையம் அளந்தவர், இந்த அறையில் தனக்கு மட்டும் அளந்துகொண்டார். மனைவிக்குப் போட்டது தன் சத்தத்துக்கு இடைஞ்சல் இல்லாத இடம். அந்தப் புண்ணியவான் இவரேதான்.

டாக்டரம்மா திரும்பி வந்தபோது சிம்மாசனத்தில் ஒரு தூசி இல்லை. "உட்காரு" என்றார் கணவர்.

"அதுலயா? அது ராஜா உட்கார்ற இடமாச்சே!"

"உட்காரேன், சொல்றேன்."

டாக்டரம்மா சந்தேகத்தோடு உட்கார்ந்தார். கணவர் ரெக்கார்டை முதலிலிருந்து போட்டுவிட்டு, விறுவிறுவென்று போய்ப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பாட்டு தொடங்கியது. டாக்டரம்மாவின் புருவம் உயர்ந்தது. காலையில் கேட்ட அதே மூச்சு, அதே பெண், கைக்கெட்டும் தூரத்தில். தோள்கள் தாமாகத் தளர்ந்தன. முதல் பாட்டு முடிந்து, இரண்டாவது பாட்டும் பாதி தாண்டியது. கை காதோரம் போகவில்லை.

அப்போதுதான் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஏன் முகம் அப்படிப் போகுது? கடைவாய்ப் பல் பிடுங்கறப்ப இருக்கிற மாதிரி?"

"ஊசி" என்றார் அவர்.

டாக்டரம்மா எழுந்து வந்து அவர் பக்கத்தில் குனிந்தார். ஒரு 'ச' வந்து இருவர் காதிலும் சேர்ந்து குத்தியது. "இதேதான்! இதைத்தான் நான் சொன்னேன்" என்று கூவினார். பிறகு நடுவே இருந்த நாற்காலியைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆனாலும் கண்ணாடிக்காரர் ஒன்றுவிடாமல் சொன்னார். தன் காது தாங்காமல் ஸ்பீக்கரை நேராகத் திருப்பிவிட்டதைச் சொல்லும்போது மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அப்ப டிரில் இல்ல?" என்றார் டாக்டரம்மா.

"டிரில் இல்ல."

"தெரு முழுக்கச் சொன்னீங்களே, அவ காது போயிடுச்சுன்னு?"

"தெரு முழுக்கத் திருப்பிச் சொல்லிடறேன்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். கணவருக்குச் சிரிப்பு வரவில்லை. "இத்தனை நாளா இதைக் கேட்டுக்கிட்டா உட்கார்ந்திருந்தே? வரமாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க ஆசையாக் கூப்பிட்டீங்க."

"நான் என்னடான்னா, பத்து நிமிஷம்கூட என்கூட உட்கார மாட்டேங்கறியேன்னு..."

"அந்தப் பத்து நிமிஷமே உங்களுக்காகத்தாங்க" என்றார் டாக்டரம்மா. "வேற யாராவது கூப்பிட்டிருந்தா முதல் குத்துலயே எழுந்து போயிருப்பேன்."

மனைவி எழுந்துபோன நேரத்தை மட்டும்தான் கண்ணாடிக்காரர் இவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்திருந்த நேரத்தைப் பார்க்கவே இல்லை.

ஒரு கை பிடிக்கச் சொல்லி, பெஞ்சைக் கதவோரத்திலிருந்து மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்தார். சிம்மாசனம் ஹாலுக்குப் போனது, செய்தித்தாள் வைக்க வசதியாக இருக்கும். பிரம்பு நாற்காலி ஜன்னலோரம் போனது. கம்பளத்தில் அதன் நாலு கால் குழி மட்டும் மிச்சம் இருந்தது.

சாயங்கால வெயில் திரையின் ஓரத்தில் மெல்லிசாக விழுந்திருந்தது. இருவரும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்கள். பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்தால் சரியான மையம் இரண்டு பேருக்குமே கிடைக்காது, அது நடுவில் எங்கோ இருவர் தோளும் இடிக்கும் இடத்தில் போய்விடும். பாடகி எப்போதும் நிற்கும் இடத்தை விட்டுக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து நின்று பாடினாள். வேறு நாளாக இருந்தால் கண்ணாடிக்காரர் அளவு நாடாவைத் தேடியிருப்பார். இன்று, பாடட்டும், எங்கே நின்றால் என்ன என்று இருந்தது.

முதல் பாட்டு போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதில் டாக்டரம்மா காலை மேலே தூக்கி மடித்து உட்கார்ந்துகொண்டார். கண்ணாடிக்காரர் மூச்சு விடுவதற்கும் யோசித்தார். கடைசிப் பாட்டின் கடைசி வயலின் சன்னமாகி, சன்னமாகி, ஒன்றுமில்லாமல் போனது. ரெக்கார்டின் நடு வட்டத்தோரம் முள் மட்டும் டிக், டிக் என்று தட்டிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா அசைந்தார். இப்போது டீ என்பார் என்று கண்ணாடிக்காரர் தானே முந்திக்கொண்டு எழுந்தார். "நீ இரு, இன்னிக்கு நான் போடறேன்."

"டீ கிடக்கட்டும்" என்றார் டாக்டரம்மா, காலை மடித்தபடியே. "அந்தப் பக்கத்தையும் போடுங்க."